மருதாடனின் நெஞ்சாள்

கதையில் வரும் ஒரு துரோகிக்காக ஈரோட்டில் ஒருவருடைய வீட்டு ஜன்னல்களை உடைத்தார்கள். நெஞ்சாள்களின் பெயர் வெளியே தெரியக்கூடாது என்ற விதி அதற்குப் பிறகுதான் வந்தது. உடைத்தவர்கள் வாசகர்கள். அவர்களில் ஒரு கல்லூரி ஆசிரியையும் இருந்தார். தன் அண்ணனை எதிரியிடம் காட்டிக்கொடுத்த இளவரசனுக்கு நெஞ்சு கொடுத்தவர் அந்த வீட்டில் இருக்கிறார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் ஒரு ஹோமியோபதி டாக்டர். வாழ்க்கையில் யாரையும் காட்டிக்கொடுத்ததில்லை. அந்த இளவரசனாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று பதிப்பகத்தில் கேட்டிருந்தார்கள். மனதில் பட்டதைச் சொன்னார்.

பெருங்கதைகளைக் கணினிப் பொறிகள் எழுதத் தொடங்கிய காலத்தில் போர்களுக்கும் கோட்டைகளுக்கும் பஞ்சமே இல்லை. ஆனால் நேற்று வரை அரசனுக்காக ரத்தம் சிந்தியவன் இன்று அவன் கழுத்தில் கத்தியை வைப்பான். ஏன் என்று கேட்டால், கதைக்குத் தேவைப்பட்டது என்பதைத் தவிர வேறு விடை இருக்காது. வாசகர்கள் சலித்துப்போனார்கள். அப்போது வந்ததுதான் நெஞ்சாள் முறை. முக்கியமான ஒவ்வொரு பாத்திரத்துக்கும் உயிருள்ள ஓர் ஆள். ஆசிரியர் காட்சியைப் படிப்பார். நெஞ்சாள் தலையில் மெல்லிய துணித்தொப்பியை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, அந்தப் பாத்திரமாகப் பதில் சொல்வார். உள்ளிருந்து வந்த பதில் என்றால் மேசையில் பச்சை விளக்கு எரியும். நடித்தால் மஞ்சள். மஞ்சள் எரிந்த பேச்சு புத்தகத்தில் ஏறாது. இந்நூலின் மாந்தர் சொன்ன எதுவும் சொன்னவருக்குப் பொய்யல்ல என்று பின்னட்டையில் முத்திரை இருந்தால்தான் கடைகளில் இப்போது பெருங்கதை விற்கிறது.

கோவையில் கணபதிப் பக்கம் ஒரு பம்பு கம்பெனியில் சோதனைப் பிரிவு மேற்பார்வையாளனாக இருந்த திருமூர்த்தி, 'ஏழு மதகு' என்ற பெருங்கதையில் மருதாடன் என்னும் தளபதிக்கு நெஞ்சாளாக இருந்தான். முதல் நாள் தொப்பியை மாட்டிவிட்ட ஷாகிரா என்ற பெண் உக்கடத்துக்காரி. பயப்படாதீங்கண்ணா, மனசுக்குள்ள எல்லாம் இது எட்டிப் பார்க்காது, வாயில் வருவது உள்ளிருந்து வருகிறதா நாக்கு நுனியிலிருந்து வருகிறதா என்று மட்டும்தான் பார்க்கும் என்றாள்.

"எட்டிப் பாத்தாலும் பம்பு செட்டுத்தான் இருக்கும், பாத்துக்கோ" என்றான் திருமூர்த்தி. பச்சை எரிந்தது. ஷாகிரா சிரித்துவிட்டாள்.

வீட்டில் சொல்லக்கூடாது என்பது விதி. சனிக்கிழமை மதியங்களில் ஓவர்டைம் என்று மனைவி கனகமணியிடம் சொல்லியிருந்தான். உண்மையில் இந்தக் கதைகளைப் பற்றியெல்லாம் அவனுக்குத் தெரியவந்ததே அவளால்தான். மூளைக்காய்ச்சலில் விழுந்து பேச்சும் நடையும் இல்லாமல் அவள் படுத்திருந்த நாட்களில் காதில் கதைகளை ஓடவிட்டுத்தான் பொழுது போனது. பிறகு எழுந்தாள், நடந்தாள். தொண்டையில் குழாய் வைத்திருந்த இடத்தில் ஒரு தழும்பும் குரலில் ஒரு கரகரப்பும் மட்டும் மிச்சம். 'ஏழு மதகு' பாகம் பாகமாக வரும்போதெல்லாம் வந்த அன்றே வாங்கிப் படித்துவிடுவாள். மருதாடனைப் பற்றி அவள் ஏதாவது சொல்வாளா என்று திருமூர்த்தி காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பான். அவள் சொன்னதே இல்லை.

ஆசிரியர் அம்சவேணி முன்பு நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். சாட்சி சொல்வதை நீதிபதிக்கும் நீதிபதி கேட்பதைச் சாட்சிக்கும் மாற்றிச் சொல்லியே காலம் கழித்தவர். ஒரு சொல் கூடச் சேர்க்காமல் சொல்வதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. பெருங்கதைக்கும் அதே முறைதான். அரசியின் நெஞ்சாள் சொன்னதை எழுத்து நடைக்கு மாற்றித் தளபதியின் நெஞ்சாளுக்குப் படிப்பார். இவன் சொல்வதை அங்கே கொண்டுபோவார். ஒருவருக்கு மற்றவர் யாரென்று தெரியாது. வேலைக்கு உட்காரும் முன் நெஞ்சாளோடு சேர்ந்து சாப்பிட வேண்டும் என்பது அவர் வைத்திருந்த வழக்கம். வயிறு காய்ந்தவன் வாயில் உண்மை வராது என்பார். அரிசியும் பருப்பும் சேர்த்துப் பொங்கிய சாதத்தைத் தூக்குப்போசியில் கொண்டுவந்து அவரே பரிமாறுவார்.

அப்படிச் சாப்பிடும்போதுதான், இரண்டாம் பாகம் நடந்துகொண்டிருந்த நாட்களில், திருமூர்த்தி அதைச் சொன்னான். அதற்கு முந்தைய வாரம் படித்த காட்சியில் அரசி இமையாள் நஞ்சு தடவிய அம்பு பட்டுக் கூடாரத்தில் கிடந்தாள். மழைக்காலம் முழுக்க மருதாடன் அவளுக்குக் காவலிருந்தான். மருந்து கொடுக்கும் வேலையும் அவனுடையதே. அவன் என்ன நினைத்தான் என்று கேட்டபோது, கைகள் ஓய்ந்துபோயின என்று சொன்னான் திருமூர்த்தி. பச்சை எரிந்தது. அடுத்த வாரம் இலையில் கை வைத்தபடி, அந்தக் கை யாருடையது என்பதையும் சொன்னான்.

கனகமணியின் தொண்டைக் குழாயில் சளி அடைக்கும். அடைத்தால் மூச்சு முட்டும். உடனே ஒரு சின்னக் குழாயை விட்டு உறிஞ்சி எடுக்க வேண்டும். ஒரு மதியம் அந்தக் குழாயைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்தவன், உள்ளே மூச்சு முட்டும் சத்தம் வருவதைக் கேட்டான். வாசற்படியில் நின்றுவிட்டான்.

"பக்கத்து வீட்டு டிவில எவனோ பிரியாணி செய்யச் சொல்லிக் குடுத்துட்டு இருந்தானுங்க அக்கா. அரிசி ஊற வெக்கறதுல இருந்து கேட்டுட்டு நின்னேன். இத்தோட முடியட்டும்னு நெனச்சேன். அவளுக்கு, எனக்கு, எல்லாருக்கும். அவன் தாளிக்க ஆரம்பிச்சப்பதான் உள்ள போனேன்."

அவள் அப்போது நினைவில்லாமல் கிடந்தாள், அவளுக்கு எதுவும் தெரியாது, தெரியவும் கூடாது என்றான். ஊரில் எல்லோரும் திருமூர்த்தி போல ஒருவன் உண்டா என்கிறார்கள், அவளும் அதையேதான் சொல்கிறாள் என்றான்.

அம்சவேணி சாப்பாட்டை நிறுத்திவிட்டு வெகுநேரம் அவனைப் பார்த்தார். "இது இங்கயே இருக்கட்டும் தம்பி" என்றார்.

நான்காம் பாகத்தில் சிக்கல் வந்தது. அம்சவேணி போட்டிருந்த திட்டப்படி மருதாடன் அரசியை விட்டு விலகி, ஏழாம் மதகை எதிரிக்குத் திறந்துவிட வேண்டும். தலைநகரம் நீரில் மூழ்குவதுதான் பாகத்தின் முடிவு. ஆனால் மருதாடன் அசையவில்லை. அரசி அவன் பதவியைப் பறித்தாள். அவளுக்கு ஏதோ காரணம் இருக்கும் என்றான் திருமூர்த்தி. அவன் பிறந்த ஊரை வேறொருவனுக்கு எழுதிவைத்தாள். ஊர் எங்கே போய்விடப் போகிறது என்றான். அவன் குதிரையைக் கூடப் பிடுங்கிப் பார்த்தார்கள். நடந்து போகிறேன் என்றுவிட்டான். ஒவ்வொன்றுக்கும் பச்சை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த பதிப்பாளர் வெங்கிடுபதி, இந்த ஆளுக்கு ரோசம் என்பதே கிடையாதா என்று ஷாகிராவிடம் கேட்டாராம். அவருக்கு அச்சகத்தில் நாள் குறித்தாகிவிட்டது.

ஒரு சனிக்கிழமை அம்சவேணி சாப்பிடும்போது அதிகம் பேசவில்லை. பரிமாறிவிட்டுத் தான் சாப்பிடாமல் இருந்தார். வயிறு சரியில்லை என்றார். பிறகு திருமூர்த்தி தொப்பியை மாட்டிக் கண்ணை மூடிக்கொண்டான். காட்சி அரசவை. மருதாடன் மீது எதிரிகள் குற்றம் சுமத்துகிறார்கள். அரசி அவனுக்காகப் பேசுவாளா என்று சபை காத்திருக்கிறது. அம்சவேணி ஏற்ற இறக்கமில்லாத தன் நீதிமன்றக் குரலில் படித்தார்.

"அரசி எழுந்தாள். 'நான் விழித்திருந்தேன் மருதாடா. மழை பெய்த அந்தப் பகலில் எனக்கு மூச்சு முட்டியது. மருந்துக் கிண்ணத்தோடு கூடார வாசலில் நீ நின்றாய். எதிரே சாய்த்து வைத்திருந்த கேடயத்தில் உன் உருவம் தெரிந்தது. நீ உள்ளே வரவில்லை. நின்றுகொண்டே இருந்தாய்.' சொல்லிவிட்டு அரசி அமர்ந்தாள். மருதாடன் என்ன செய்தான்?"

  ஷாகிரா தண்ணீர்க் குவளையை நகர்த்தி வைப்பது கேட்டது.

"எல்லாருக்கும் முன்னால சொல்லிட்டாளா?" என்றான் திருமூர்த்தி. "ஒரு நாள் தனியாக் கூப்புட்டுச் சொல்லியிருக்கலாம். அடிச்சிருக்கலாம். இவ்வளவு நாள் என்ற மூஞ்சியப் பாத்துச் சிரிச்சுட்டு, மனசுல இத வெச்சிருந்தாளா?" கண்ணைத் திறக்காமலே தொடர்ந்தான். "இனி அவளுக்குக் காவல் இல்ல. மதகத் தொறந்து விடுங்க. தண்ணி யாருக்கு வேணுமோ போகட்டும்."

கண்ணைத் திறந்தபோது விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. தடுப்புக்குப் பின்னால் வெங்கிடுபதி இரண்டு கைகளையும் கூப்பிக் கும்பிட்டார்.

திருமூர்த்தி ஷாகிராவைச் சற்று வெளியே இருக்கச் சொன்னான். அவள் போனாள், கதவை முழுக்கச் சாத்தவில்லை.

"அக்கா, அது நான் உங்ககிட்டச் சொன்னது."

"ஆமா."

"சாப்பாட்டுல கை வெச்சுட்டுச் சொன்னது."

"நான் ஒரு சொல்லும் சேர்க்கல மூர்த்தி. அரசி சொன்னத அப்படியே படிச்சேன்."

"அரசிக்கு எப்படித் தெரியும்? நீங்க போய்ச் சொல்லாம எவளோ ஒருத்திக்கு எப்படித் தெரியும்?"

அம்சவேணி தூக்குப்போசியின் மூடியை எடுத்து வைத்து, மறுபடி எடுத்தார். அந்தப் பகுதியை நீக்கிவிடுங்கள் என்று திருமூர்த்தி கெஞ்சினான். கனகமணி படிப்பாள், வந்த அன்றைக்கே படிப்பாள், கூடாரமும் கேடயமும் யாரை ஏமாற்றும் என்றான். அது போனால் மருதாடன் மாறியதற்குக் காரணமே இல்லாமல் போய்விடும் என்றார் அம்சவேணி. சொல்லும்போது அவர் குரல் வழக்கம்போலத்தான் இருந்தது. கண்கள் மட்டும் போசியை விட்டு நிமிரவில்லை.

பஸ்ஸில் வரும்போது அவனுக்கு ஒன்றுதான் தோன்றிக்கொண்டிருந்தது. வேறு யாரிடமும் சொல்லாததை ஒருவரிடம் சொன்னான். அவர் அதை எடுத்து ஒரு ராணியின் வாயில் வைத்துவிட்டார்.

வீட்டில் கனகமணி இல்லை. சட்டையை மாற்றப் படுக்கையறைக்குப் போனவன் வாசற்படியில் நின்றான். அன்று நின்ற அதே இடம். கட்டிலுக்கு எதிரே சுவரோரமாகப் பீரோ நின்றது, அவர்கள் கல்யாணத்துக்கு வந்தது. அதன் கதவில் ஆளுயரக் கண்ணாடி. கண்ணாடியில் தலையணை தெரிந்தது.

அவன் போய்க் கட்டிலில் படுத்தான். கனகமணி படுத்திருந்ததுபோலத் தலையை நேராக வைத்துக்கொண்டான். கண்ணாடியில் வாசற்படி முழுசாகத் தெரிந்தது. நிலையில் மாட்டியிருந்த காலண்டர் கூடத் தெரிந்தது.

கேடயம். அம்சவேணியிடம் அவன் பீரோவைப் பற்றிச் சொல்லவே இல்லை. அப்படி ஒரு கண்ணாடி அங்கே பார்த்துக்கொண்டிருந்தது என்பது அவனுக்கே இன்றுவரை தெரியாது. தெரிந்திருக்கக்கூடியவள் இந்தத் தலையணையில் கிடந்த ஒருத்திதான்.

திங்கட்கிழமை வேலைக்குப் போகாமல் பதிப்பகத்துக்குப் போனான். மாடிப்படியில் அம்சவேணி இறங்கி வந்துகொண்டிருந்தார். அவன் முகத்தைப் பார்த்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அரசி கனகுதானே?"

"ம்."

"உங்களுக்கு எப்ப இருந்து தெரியும்?"

"நீ அன்னிக்குச் சாப்பிடும்போது சொன்னியே, அப்ப. அவ படுத்துக் கிடந்ததப் பத்தி அதுக்கு முந்தியே சொல்லியிருந்தா. தழும்பக் காட்டியிருந்தா. ரெண்டும் ஒரு வீடுன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது. வெங்கிடுபதிக்கு முதல்லயே தெரியும். வாசகி ஒருத்தி நல்லாப் பேசறான்னு அவள எடுத்தாரு. அதே விலாசத்துல இருந்து நீயும் வந்தே. அவர் விடுவாரா?"

"ஒரு வார்த்த எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா ரெண்டு பேரும் எந்திரிச்சுப் போயிருப்பீங்க." அம்சவேணி புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "காலமெல்லாம் கோர்ட்டுல அடுத்தவன் பேச்சத்தான் பேசிட்டு இருந்தேன் மூர்த்தி. திருடன் பேச்சு, பொண்டாட்டிய எரிச்சவன் பேச்சு. ஏழு மதகு ஒண்ணுதான் என்ற கையில உசுரோட அசைஞ்சுது. நிறுத்தணும்னுதான் இருந்தேன். ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம்னு நெனச்சேன்."

அதில் பொய் இருப்பதாக அவனுக்குத் தோன்றவில்லை. அது அவனை இன்னும் எரிச்சல்படுத்தியது. பொய் சொல்லியிருந்தால் திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

மருதாடன் யாரென்று கனகமணிக்குத் தெரியுமா என்று கேட்டான். தான் சொல்லவில்லை என்றார் அம்சவேணி. அவள் வருவது புதன்கிழமைகளில், கூட்டு வழிபாட்டுக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு.

 சனிக்கிழமை வருகிறேன் என்றான் திருமூர்த்தி. அம்சவேணி நிமிர்ந்து பார்த்தார். அவர் அதை எதிர்பார்க்கவில்லை.

அவன் கணக்கு எளிமையானது. வீட்டில் கேட்டால் கனகமணி எதையாவது சொல்லி மழுப்பிவிடுவாள். சிரித்துவிட்டு எழுந்துபோவாள். இத்தனை காலம் அதைத்தான் செய்திருக்கிறாள். தொப்பியை மாட்டிக்கொண்டு அவளால் மழுப்ப முடியாது. படியேறி வந்தபோது நியாயம் கேட்க வந்தவன், இறங்கும்போது வேறு ஆளாக இறங்கினான். பதிப்பகத்தாருக்கு மட்டும் தெரிந்த ரகசியத்தில் இப்போது அவனும் ஒருவன். அவள் இல்லை.

அந்தச் சனிக்கிழமை தொப்பியைச் சரிசெய்துகொண்டே ஷாகிரா மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணா, இது சரியில்ல. உங்க வீட்டு அக்கா இதே நாற்காலியில கண்ண மூடிட்டு உக்காந்து பேசறாங்க. நீங்க கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டுட்டு இருக்கீங்க. நேராப் போய் அவங்க வாயாலயே முழுசாக் கேளுங்க."

கதவு என்ற சொல் எங்கே பட்டது என்று அவளுக்குத் தெரிந்திருக்குமா என்று அவன் யோசித்தான். தெரிந்திருக்கும். இரண்டு பக்கமும் கேட்பவள் அவள். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

மதகைத் திறக்கும் முன் மருதாடன் அரசிக்கு ஒரு தூதனை அனுப்பட்டும் என்றான் திருமூர்த்தி. பார்த்துக்கொண்டிருந்தாய் என்றால் ஏன் இத்தனை காலம் சொல்லவில்லை என்று தூதன் கேட்க வேண்டும். பச்சை. வெங்கிடுபதி தடுப்புக்குப் பின்னால் முகம் சுளித்தார். தூதுக்கெல்லாம் இந்தப் பாகத்தில் இடமில்லை என்பது அவர் கவலை. அம்சவேணி அதை எழுதிக்கொண்டார்.

அடுத்த வாரம் முழுக்க அவன் தன் வீட்டில் ஒற்றனாக இருந்தான். கனகமணி காப்பி கொடுத்தாள். இந்தக் கை எதை மறைத்துக்கொண்டு காப்பி கொடுக்கிறது என்று பார்த்தான். பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருப்பவரின் குழந்தைக்குக் காது குத்துவதற்கு அவள் அவனையும் கூட்டிப்போனாள். அங்கே யாரோ, கட்டினவன் என்றால் திருமூர்த்தி மாதிரி இருக்கணும் என்றார்கள். அதுக்கென்ன குறைச்சல் என்றாள் கனகமணி சிரித்துக்கொண்டே. முன்பெல்லாம் இந்தப் பேச்சைக் கேட்டால் அவனுக்குக் குற்ற உணர்ச்சி வரும். இப்போது கோபம் வந்தது. தெரிந்துகொண்டே எத்தனை முறை இதற்குத் தலையாட்டியிருக்கிறாள். தான் அவளை ஏமாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்த அத்தனை நாளும் அவள்தான் அவனை ஏமாற்றியிருக்கிறாள்.

புதன்கிழமை அவள் குளித்து, பூ வைத்துக்கொண்டு, வழிபாட்டுக்குப் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். போய்வா என்றான்.

சனிக்கிழமை அம்சவேணி சாப்பாடு கொண்டுவரவில்லை. காகிதத்தை எடுத்தவர் படிப்பதற்கு முன் ஒரு முறை தனக்குள் படித்துப்பார்த்தார். அது அவர் வழக்கமில்லை.

"தூதன் கேட்டதை அரசி முழுவதும் கேட்டாள். ஓலை எதுவும் கொடுக்கவில்லை. ஒரு வரி சொல்லி அனுப்பினாள். 'மருதாடா, இதை நீ வீட்டிலேயே கேட்டிருக்கலாம்.' மருதாடன் என்ன செய்தான்?"

அரசிக்கும் தளபதிக்கும் ஒரு வீடு கிடையாது. அரண்மனை என்று மாற்ற அம்சவேணிக்கு மனம் வரவில்லை போலும். 

"அங்கயும் பச்சைதாங்கண்ணா" என்றாள் ஷாகிரா, அவன் கேட்காமலே.

திருமூர்த்தி தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தான். வெங்கிடுபதி தடுப்பைத் தட்டினார். மருதாடன் என்ன செய்தான் என்று அம்சவேணி இன்னொரு முறை கேட்டார். அவன் வெளியே வந்துவிட்டான்.

கனகமணி சமையலறைத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவன் வந்து நின்றதும் நிமிராமலே ஒரு கொத்தை எடுத்து எதிரே வைத்தாள்.

"படிச்சுக் காட்டிட்டாங்களா?"

"ம்."

"உக்காருங்க. காம்பு இல்லாம உருவுங்க."

அவன் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் இருவரும் கீரை உருவினார்கள். நான்தான் என்று எப்போது தெரியும் என்று கேட்டான். முதல் பாகத்திலேயே என்றாள் அவள்.

"மதகுக் கதவு இறுகிப்போனாச் சம்மட்டியத் தூக்காதே, எண்ணெய விட்டுட்டு ஒரு வெத்தல போடற நேரம் நில்லுன்னு மருதாடன் ஒரு வீரன்கிட்டச் சொன்னானே. நீங்க பீடி நேரம்னுதான் சொல்லியிருப்பீங்க. அந்தக் காலத்துல பீடி ஏதுன்னு அந்தம்மா மாத்தியிருப்பாங்க."

"பீடின்னுதான் சொன்னேன்."

"எனக்குத் தெரியாதா, எத்தன மோட்டாருக்கு எத்தன பேர்கிட்டச் சொல்லியிருப்பீங்க."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்ப சபையில சொன்னது, தெரிஞ்சே எனக்குச் சொன்னது."

"உங்களுக்குத்தான். வீட்டுல சொன்னா நீங்க அழுதுருவீங்க. அப்பறம் நாந்தான் உங்களச் சமாதானம் பண்ணணும். மருதாடன் அழமாட்டான்னு நெனச்சேன்."

"எல்லாரும் படிப்பாங்க கனகு."

"அவங்களுக்கு அது ராணி கதைங்க."

அவன் கையிலிருந்த கொத்தைக் கீழே வைத்தான். எவ்வளவு யோசித்தும் ஒன்று அவனுக்குப் பொறுக்கவில்லை, அதைச் சொல்லிவிட்டான். "இத்தன வருசம் வெச்சிருந்து, நின்னுட்டே இருந்தேன்னு மட்டும் சொல்லிட்டு உக்காந்துட்ட. நான் உள்ள வந்தனே. அத நீ சொல்லவே இல்ல."

கனகமணியின் கை நின்றது. "உக்காந்துட்டனா? அப்படியா படிச்சாங்க?"

"சொல்லிவிட்டு அரசி அமர்ந்தாள். அப்படித்தான்."

அவள் தழும்பின் மேல் விரலை வைத்துக்கொண்டாள். பேசும்போது கரகரப்பு அதிகமானால் அப்படிச் செய்வாள். "அதுக்கு மேல நான் சொன்னனுங்க. பச்சைதான் எரிஞ்சுது. அந்தப் புள்ள ஷாகிரா கண்ணத் தொடச்சுட்டு நின்னா."

"என்ன சொன்ன?"

 எதிரே இருக்கும் ஆளிடம் இதைச் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவள் எண்ணியிருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்.

"வராதே மருதாடான்னு வேண்டிட்டுப் படுத்திருந்தேன். நிக்கறியே, அப்படியே நில்லுன்னு வேண்டுனேன். எனக்கும் போதும்னு இருந்துச்சு. நீ வந்துட்ட. நீ வந்ததுதான் உம்மேல எனக்குக் கோவம்."

வெளியே யாரோ வண்டியைக் கிளப்பப் பார்த்தார்கள். அது கிளம்பவில்லை. மறுபடி உதைத்தார்கள்.

அம்சவேணி ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. அவர் சொன்னது உண்மைதான். மருதாடன் அரசிக்கு எதிராகத் திரும்ப வேண்டியிருந்தது, அதனால் சில வரிகளை விட்டுவிட்டார். அரசி எழுந்தாள், குற்றம் சொன்னாள், அமர்ந்தாள். நான்காம் பாகம் அப்படியே அச்சுக்குப் போகும். எல்லோரும் அதைத்தான் படிக்கப் போகிறார்கள். மருதாடன் ஏன் துரோகியானான் என்பதற்கு அதில் நல்ல காரணம் இருக்கும். பின்னட்டையில் முத்திரையும் இருக்கும்.

திருமூர்த்தி உருவிய கீரையைக் கையால் ஒதுக்கி ஒரு குவியலாக்கினான். பிறகு குவியலைக் கலைத்தான்.

"இன்னும் கோவமா இருக்கியா?"

கனகமணி யோசித்தாள். அவசரப்படாமல், உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருபவளைப் போல.

"பாதி போயிருச்சு."

"மீதி?"

"மீதி இருக்கட்டுங்க" என்றாள். "அந்தக் கோவத்துலதான எந்திரிச்சு நடந்தேன்."